மின்காரில் முதல் கியர் எங்கே?

எங்கள் பள்ளி கப்பலூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மதுரையைச் சுற்றி வரும் ரிங் ரோடு, கன்னியாகுமரி செல்லும் நான்கு வழிச்சாலையோடு சேரும் இடம். பக்கத்திலேயே டோல்கேட், சிட்கோ தொழிற்பேட்டை, நூற்பாலை. மாணவர்களின் அப்பாக்களில் பலர் லாரி ஓட்டுகிறார்கள், இல்லையென்றால் தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார்கள். ஆகவே வண்டி, எந்திரம் என்று எந்தப் பாடம் வந்தாலும் நான் சற்று எச்சரிக்கையாகவே வகுப்புக்குள் நுழைவேன். எனக்குத் தெரிந்ததைவிட அவர்களுக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் மின்மோட்டார் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஃபிளெமிங்கின் இடக்கை விதியைச் சொல்லிக் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "சார், பச்சை நம்பர் பிளேட் கார்ல கியர் ராடே இல்லையாமே, அப்ப பின்னாடி எப்படிப் போகும்?" டோல்கேட்டில் நிற்கும் வண்டிகளில் பச்சை எண் பலகைகளை எண்ணுவது அவர்களுக்கு ஒரு விளையாட்டு. நான் யோசிக்காமல் பதில் சொன்னேன்: "உள்ளே ரிவர்ஸுக்கு என்று ஒரு தனிப் பல்சக்கரம் இருக்கும். பட்டனை அழுத்தினால் அது போய்ச் சேர்ந்துகொள்ளும்."

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "இல்ல சார். ரெண்டு வயர மாத்தி விட்டாப் போதும். எங்கப்பா கிணத்து மோட்டாருக்கு அப்படித்தான் செய்வாரு." அவன் அப்பா மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தேடிப் படித்த பிறகு தெரிந்தது, அவன் சொன்னதே சரி. அடுத்த வகுப்பில் என் பதிலைத் திருத்திக்கொண்டேன். அந்தத் தேடலில் கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்மில் பலர் இப்போது மின்கார் வாங்குகிறோம், அல்லது வாங்கிய உறவினரின் வண்டியை ஒருநாள் ஓட்டிப் பார்க்கிறோம். வகுப்புக்கு மட்டுமல்லாமல் நமக்கும் இது பயன்படும்.

முதலில், பெட்ரோல் காருக்கு ஏன் ஐந்து கியர் வேண்டியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ஒரு சிறு கணக்கு போதும். காரின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 2 மீட்டர் நகரும் என்று வைத்துக்கொள்வோம். 60 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். அப்படியானால் சக்கரம் நிமிடத்துக்கு 500 சுற்று. இதை ஏழாம் வகுப்பு மாணவரே போட்டுவிடுவார்.

இப்போது எஞ்சின் 9 சுற்றுச் சுற்றினால் சக்கரம் 1 சுற்றுச் சுற்றும்படி ஒரே ஒரு பல்சக்கர அமைப்பைப் பெட்ரோல் காரில் பொருத்திப் பார்ப்போம். வண்டி 5 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 42 சுற்று. எஞ்சின் 375 சுற்று. பெட்ரோல் எஞ்சின் சும்மா நிற்கும்போதே 800 சுற்று அளவில் சுற்றியாக வேண்டும். அதற்குக் கீழே போனால் திணறி நின்றுவிடும். சரி, வேகமாகவே போவோம் என்றால் 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் 7,500 சுற்றுச் சுற்ற வேண்டும். சாதாரணப் பெட்ரோல் கார் எஞ்சின் 6,000, 6,500 சுற்றோடு நின்றுகொள்ளும். ஆக, ஒரே கியர் என்றால் மெதுவாகவும் போக முடியாது, வேகமாகவும் போக முடியாது. இந்த இக்கட்டைத் தீர்க்கத்தான் முதல் கியர், இரண்டாம் கியர் என்று படி வைத்தார்கள். நிற்கும் வண்டியையும் சுற்றும் எஞ்சினையும் நோகாமல் இணைக்கக் கிளட்ச் வைத்தார்கள்.

மின்மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை. நின்ற நிலையிலிருந்தே, அதாவது சுழற்சி சுழியமாக இருக்கும்போதே, அது முழுத் திருப்புவிசையையும் தரும். மேல் பக்கம் பார்த்தால் இன்றைய கார் மோட்டார்கள் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேலும் தாங்கும். அதே ஒன்பதுக்கு ஒன்று அமைப்பில் 5 கி.மீ. வேகத்தில் 375 சுற்று, 100 கி.மீ. வேகத்தில் 7,500 சுற்று, இரண்டும் அதற்குச் சாதாரணம். ஆகவே கிளட்ச் இல்லை. மாற்ற வேண்டிய கியரும் இல்லை. இருப்பது நிலையாகப் பூட்டிய ஒரே பல்சக்கர அமைப்பு. மாணவி கேட்ட 'கியர் ராடு' உண்மையில் எந்தக் கியரையும் மாற்றுவதில்லை. பழக்கத்தால் அதைக் கியர் என்கிறோம். செய்வதைப் பார்த்தால் அது ஒரு கட்டளைச் சுவிட்ச்.

விதிவிலக்கு உண்டு. 2019-இல் வந்த போர்ஷே டைகான் காரின் பின் அச்சில் இரண்டு கியர்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனமும் தன் முதல் காரான ரோட்ஸ்டருக்கு இரண்டு கியர் வைக்கத்தான் முயன்றது. கியர் பெட்டி தாங்கவில்லை. கடைசியில் ஒரே கியருக்கு வந்துவிட்டது.

இனி ரிவர்ஸ். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கிணற்று மோட்டார் மாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மும்முனை மின்சாரத்தில் மூன்று வயர்கள் வருகின்றன. மூன்றிலும் மின்னோட்டம் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதில்லை; ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. அந்த வரிசைப்படி மோட்டாருக்குள் காந்தப்புலம் சுழல்கிறது, அதன் பின்னால் சுழல்பகுதி ஓடுகிறது. புதிதாக இணைப்புக் கொடுத்ததும் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் சரியாக ஏறவில்லை என்றால், எலக்ட்ரீஷியன் முதலில் பார்ப்பது மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதைத்தான். எதிர்ப்பக்கம் சுற்றினால் மூன்றில் ஏதேனும் இரண்டு வயர்களை இடம் மாற்றுவார். வரிசை தலைகீழாகும், மோட்டார் திரும்பிச் சுற்றும்.

காரில் வயரை யாரும் கழற்றுவதில்லை. பேட்டரியில் இருப்பது நேர்திசை மின்சாரம். அதை மும்முனை மாறுதிசை மின்சாரமாக்கித் தருவது இன்வெர்ட்டர். வீட்டில் கரண்ட் போனால் கைகொடுக்கும் இன்வெர்ட்டருக்கு இது அண்ணன். வேகத்துக்குத் தகுந்தாற்போல் அதிர்வெண்ணையும் மாற்றும். ஆர் என்ற நிலைக்கு நாம் திருப்பியதும், மூன்று முனைகளின் வரிசையை இன்வெர்ட்டர் மாற்றிவிடுகிறது. அவ்வளவுதான். மோட்டாரைப் பொறுத்தவரை முன் என்ன, பின் என்ன. பின்னாலும் அதே வேகத்தில் ஓட அதனால் முடியும். மென்பொருள்தான் வேண்டாம் என்று தடுத்து வைத்திருக்கிறது.

இந்த எழுத்துகளின் வரிசையிலும் ஒரு கதை இருக்கிறது. பி, ஆர், என், டி என்று இன்று பல கார்களில் காண்கிறோம்: பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ். ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் நடுவில் நியூட்ரல் காவலாளிபோல் நிற்கிறது. முன்பு அப்படி இல்லை. அமெரிக்காவில் 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் சில தானியங்கிக் கியர் கார்களில் ரிவர்ஸ் கடைக்கோடியில், முன்னோக்கிப் போகும் தாழ் கியருக்கு ஒட்டினாற்போல் இருந்தது. ஒரு படி தவறினால் முன்னே போக வேண்டிய வண்டி பின்னே பாயும். ரால்ஃப் நேடர் 1965-இல் வெளியிட்ட கார் பாதுகாப்பு பற்றிய நூலில் இதையும் ஒரு குற்றச்சாட்டாக வைத்தார். 1968 முதல் அமெரிக்கப் பாதுகாப்பு விதி, முன், பின் நிலைகளுக்கு நடுவில் நியூட்ரல் இருந்தாக வேண்டும் என்றது.

அந்த வரிசைக்கு இப்போது மறுபடி சோதனை. கம்பி, நெம்புகோல் எதுவும் தேவையில்லாத வெறும் சுவிட்ச் என்றானதும், ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த வடிவத்தில் அதை வைக்கத் தொடங்கிவிட்டது. 2019-இல் ஹூண்டாய் நிறுவனம் சென்னை ஆலையில் பூட்டி விற்ற கோனா மின்காரில் நிலைகள் எல்லாம் பட்டன்கள். 2020-இல் வந்த டாடா நெக்ஸான் மின்காரில் வானொலிப் பெட்டியின் குமிழ்போல ஒரு வட்டத் திருகி. 2025-இல் வந்த கிரெட்டா மின்காரில் ஸ்டியரிங் அருகே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தண்டு. அதைத் திருக வேண்டும், பார்க் வேண்டுமென்றால் அதன் நுனியை அழுத்த வேண்டும். ஒருவர் தன் காரில் பழகிய கை, இன்னொருவர் காரில் ஏறியதும் தடுமாறத்தான் செய்யும்.

இது வெறும் அசௌகரியம் இல்லை. 2016-இல் ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் உலகெங்கும் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவை மின்கார்கள் அல்ல. ஆனால் அவற்றின் கியர் பிடி நவீனமானது. எந்த நிலைக்குத் தள்ளினாலும் கையை எடுத்ததும் நடுவுக்கே திரும்பிவிடும். பிடியின் இடத்தைப் பார்த்து வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. திரையில் வரும் எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். பார்க்கில் போட்டுவிட்டோம் என்று நம்பி இறங்கியவர்கள் மீது அவர்களுடைய வண்டியே உருண்டு வந்தது. அந்த ஆண்டு ஜூன் 19 அன்று இளம் நடிகர் ஆன்டன் யெல்சின் தன் வீட்டு வாசலில் சாய்வுப் பாதையில் நின்ற ஜீப் கிராண்ட் செரோகி உருண்டு வந்து நசுக்கியதில் உயிரிழந்தார். அவருக்கு வயது 27. திரும்ப அழைக்கப்பட்ட வகைகளில் ஒன்றுதான் அந்த வண்டி.

பார்க் என்ற நிலை என்ன செய்கிறது? மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள பல்சக்கர அமைப்பில் ஒரு பல்லிடுக்கில் சிறிய இரும்பு நாக்கு ஒன்று போய் விழுந்து பூட்டிக்கொள்கிறது. தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுப்பதை மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை; அதன் தம்பி இது. ஆனால் தேர்க்கட்டை ஆள் உயரச் சக்கரத்தையே தாங்கும். இந்த நாக்கோ விரல் பருமன். காரின் மொத்தப் பாரத்தையும் சரிவில் அதன்மேல் சாய்ப்பது நல்லதல்ல. முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு பார்க், பிறகு காலை பிரேக்கிலிருந்து எடுப்பது, இந்த வரிசையில் செய்தால் பாரம் பிரேக்கின்மேல் நிற்கும், நாக்கு சும்மா காவலுக்கு இருக்கும். நம் லாரிக்காரர்கள் ஹேண்ட் பிரேக் போட்ட பிறகும் சக்கரத்துக்கு ஒரு கல் வைக்கிறார்களே, அந்தப் புத்தி இங்கும் உதவும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா மின்காரிலும் பார்க் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. நான் மேலே சொன்ன 2020 நெக்ஸானின் திருகியில் ஆர், என், டி, எஸ் என்ற நான்கு நிலைகள்தான். நிறுத்தி வைக்க ஹேண்ட் பிரேக் ஒன்றே துணை. பெட்ரோல் காரில் சரிவில் நிறுத்தும்போது முதல் கியரில் போட்டுவிட்டு இறங்குவோம், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மின்காரில் அந்த வித்தை பலிக்காது. மின்சாரம் நின்றதும் மோட்டார் தன்பாட்டில் உருளும்.

போன ஆண்டு எங்கள் பள்ளி வாசலில் நடந்தது. உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் தம் புது மின்காரை நிறுத்தி, காகிதக் கட்டை எடுக்கக் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார். எந்தச் சத்தமும் இல்லை. வண்டி அணைந்துவிட்டது என்றே நினைத்திருக்கிறார். டி-யில் இருந்த வண்டி மெல்ல முன்னே நகர்ந்தது. நல்லவேளை, காம்பவுண்டுச் சுவரோரம் செம்மண் குவியல் கிடந்தது. அதில் முட்டி நின்றது. இரண்டு நிமிடம் முன்னால் அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சைக்கிளை உருட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்ரோல் கார் என்றால் எஞ்சின் உறுமல் காதில் சொல்லிவிடும், 'நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று. மின்கார் சொல்வதில்லை. சில வகைகள் பிரேக்கை விட்டதும் ஊரும். சில வகைகள் ஆக்சிலரேட்டரை மிதித்தால்தான் நகரும். கதவு திறந்தால் தானே பார்க்குக்குப் போகும் வண்டியும் உண்டு, வெறுமனே மணி அடிக்கும் வண்டியும் உண்டு. நம் வண்டி எந்த வகை என்பதை வாங்கிய அன்றே ஒரு காலி மைதானத்தில் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. அந்த ஆசிரியர் இப்போது இறங்குமுன் திரையில் உள்ள எழுத்தை வாய்விட்டுப் படிக்கிறார். பிள்ளைகள் கேலி செய்கிறார்கள், அவர் கவலைப்படுவதில்லை.

டி-க்குப் பக்கத்தில் சில கார்களில் எஸ் என்று ஒன்று இருக்கும். அதில் கியர் ஒன்றும் மாறாது; அதே அளவு மிதித்தால் மோட்டார் கூடுதலாகத் துள்ளும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். சில கார்களில் பி என்றும் ஒரு நிலை உண்டு. தமிழில் எழுதும்போது இரண்டு பி-யும் ஒன்றாகிவிடுவது சங்கடம்தான்: ஒன்று பார்க்கைக் குறிக்கும் பி, மற்றொன்று பிரேக்கிங்கைக் குறிக்கும் பி. இந்த இரண்டாவதில்தான் நம் பாடப்புத்தகம் முழுதாக வேலை செய்கிறது.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஓடும் வண்டியின் சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது. மோட்டார் அப்போது மின்னியற்றி. இடக்கை விதி முடிந்து வலக்கை விதி தொடங்கும் இடம் அதுதான். பிறக்கும் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிறது. அதைப் பிறப்பிக்கும் உழைப்பில் வண்டி வேகம் இழக்கிறது. பி நிலையில் இந்தப் பிடிப்பு பலமாக இருக்கும். கோனாவில் இதைக் கூட்டவும் குறைக்கவும் ஸ்டியரிங்கின் பின்னால் தனித் துடுப்புகளே இருந்தன.

இதை வகுப்பில் காட்ட ஐம்பது ரூபாய்கூடச் செலவாகாது. பழைய பொம்மைக் காரிலிருந்து ஒரு சிறு மோட்டாரை எடுங்கள். மின்கலத்தை இணைத்தால் ஓடும். முனைகளை மாற்றினால் எதிர்ப்பக்கம் ஓடும். (இது நேர்திசை மோட்டார், ஆகவே இரண்டே வயர், கார் மோட்டாருக்கு மூன்று என்பதைச் சொல்லிவிட வேண்டும்.) பிறகு மின்கலத்தைக் கழற்றிவிட்டு, அச்சை விரலால் சுற்றச் சொல்லுங்கள். எளிதாகச் சுழலும். அது நியூட்ரல். இப்போது மோட்டாரின் இரண்டு வயர்களையும் ஒன்றோடொன்று முறுக்கி இணைத்துவிட்டு மறுபடி சுற்றச் சொல்லுங்கள். அச்சு விரலை எதிர்க்கும். எந்த பிரேக்கும் தொடவில்லை, எதுவும் உரசவில்லை, ஆனாலும் பிடிக்கிறது. லென்ஸ் விதியை நான் பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். பிள்ளைகளின் முகம் மாறியதை அந்த ஒரு நாள்தான் பார்த்தேன்.

பெரிய வகுப்புக்கு ஒரு கணக்கும் தரலாம். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்குகிறோம். உயர வேறுபாடு 1,800 மீட்டர், ஆட்களோடு காரின் நிறை 1,500 கிலோ, புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொண்டால் நிலையாற்றல் 2 கோடியே 70 லட்சம் ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். வகுத்தால் 7.5 யூனிட். காற்றும் டயரும் தம் பங்கை எடுத்துக்கொண்டதுபோக ஒரு பகுதி பேட்டரிக்கு வந்து சேரும். முதல் நெக்ஸானின் பேட்டரி 30.2 யூனிட் கொள்ளும் என்பதோடு ஒப்பிட்டால், இது சில்லறைத் தொகை இல்லை. பெட்ரோல் காரில் இவ்வளவும் பிரேக் கட்டையின் சூடாகத்தான் போகிறது.

இங்கே ஒரு கொக்கி உண்டு. கொடைக்கானல் விடுதியில் இரவு முழுக்க சார்ஜ் போட்டு, நூறு சதவீதத்தோடு காலையில் இறங்கத் தொடங்கினால், திரும்பி வரும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடம் இல்லை. வண்டி அந்தப் பிடிப்பைக் குறைத்துவிடும், சில நேரம் அறவே தராது. முதல் நாள் மலை ஏறும்போது வளைவுகளில் கால் எடுத்ததுமே நின்ற வண்டி, மறுநாள் இறக்கத்தில் வழுக்கிக்கொண்டு போவதுபோல் தோன்றும். சாதாரண பிரேக் வேலை செய்யும், பயப்பட வேண்டாம்; ஆனால் அதைத்தான் நம்ப வேண்டும். மலைமேல் சார்ஜ் போடுபவர்கள் எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

நியூட்ரலைப் பற்றிக் கொஞ்சம். பெட்ரோல் காரில் நியூட்ரல் என்றால் எஞ்சினும் சக்கரமும் பிரிந்து நிற்கும். பெரும்பாலான மின்கார்களில் பிரிக்க ஒன்றும் இல்லை. மோட்டார் சக்கரத்தோடு பூட்டியபடியே இருக்கிறது, இன்வெர்ட்டர் மட்டும் கையைக் கட்டிக்கொள்கிறது. ஆகவே பழுதான மின்காரை நியூட்ரலில் போட்டுக் கயிறு கட்டி இழுத்துப் போவது தவறு. இழுபடும் தூரமெல்லாம் மோட்டார் மின்னியற்றியாகச் சுற்றும்; யாரும் கேட்காத மின்சாரம் இன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுத்துவிடலாம். மோட்டாரோடு இணைந்த சக்கரங்கள் தரையில் படாமல் வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். இன்னொரு விசித்திரம்: பெரிய பேட்டரி நிறைய இருந்தாலும், விளக்குக்கும் கணினிக்கும் மின்சாரம் தரும் சிறிய 12 வோல்ட் பேட்டரி செத்துவிட்டால், பட்டனாலோ திருகியாலோ இயங்கும் கார் பார்க்கிலிருந்து வெளியே வராது. கட்டளை கேட்க ஆள் இல்லை.

ரீவைண்டிங் கடைக்கார அப்பாவை ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். மகன் சொன்னதையும் நான் சொன்னதையும் கேட்டுவிட்டு, பேசாமல் பக்கத்துப் பட்டறைக்கு அழைத்துப் போனார். அங்கே லேத் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு சுவிட்ச். நடுவில் நிறுத்தம், ஒருபக்கம் முன்சுற்று, மறுபக்கம் பின்சுற்று. "இது இங்க வந்து முப்பது வருசம் ஆச்சு சார். காரு இப்பத்தான் வருது," என்றார். அடுத்த வாரம் பிள்ளைகளை அழைத்து வரலாமா என்று கேட்டேன். பத்துப் பத்துப் பேராக வரச் சொன்னார். செருப்பு இல்லாமல் யாரும் வரக் கூடாது என்றார்.